கீழே நூல் கொத்து, கோளாறு மேலே: ஒரு வீட்டுத் தையல் மெஷின் பற்றிய நிகழ்வு ஆய்வு

மெஷினும் வீடும்

ஈரோட்டுப் பக்கம் ஒரு வீடு. மாமியார் கல்யாணமாகி வந்த காலத்தில் வாங்கிய கறுப்பு மிதி மெஷின், மாடிப்படிக்கு அடியில் பல வருடம் துணி மூட்டை தாங்கிக்கொண்டு இருந்தது. மருமகள் தையல் வகுப்பில் சேர்ந்ததும் அதை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். துடைத்தார்கள், எண்ணெய் விட்டார்கள், புது நூல் கண்டு வாங்கி மாட்டினார்கள். மிதித்தால் நாலு தையல் நன்றாக விழும், அப்புறம் துணிக்கு அடியில் நூல் கொத்தாகத் திரண்டு மெஷின் நின்றுவிடும். வெட்டி எடுத்து மறுபடி தொடங்கினால் மறுபடி அதே கதை.

இதில் ஒரு சங்கடம் கூடுதலாக இருந்தது. வகுப்பில் அந்தப் பெண் நன்றாகவே தைக்கிறார். வீட்டில்தான் வரவில்லை. "என் கைதான் சரியில்லைங்களாண்ணா?" என்பதுதான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கோளாறு என்ன என்பதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. வீட்டு மெஷினைப் பாதியில் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள்.

மெஷின் எந்த வகை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நேர்த்தையல் மட்டும் போடுவது. கீழ் நூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸ் இடப்பக்கத்திலிருந்து உள்ளே போகும், மேல் நூலைப் பிடிக்கும் கொக்கியான ஷட்டில் முழுச் சுற்று சுற்றாமல் முன்னும் பின்னும் அரை வட்டமாக ஆடும். சிங்கர் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்த '15' என்ற வகையின் வழிவந்தது இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பல ஆலைகள் இதே அமைப்பைச் செய்து உலகம் முழுக்க விற்றன. நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடங்கிய உஷா முதல், லூதியானாவில் வார்க்கப்படும் பெயர் தெரியாத மெஷின்கள் வரை, நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு மிதி மெஷின்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். இதனால் ஒரு பெரிய லாபம் உண்டு. ஐம்பது வருடப் பழைய மெஷினுக்கும் பாபின், பாபின் கேஸ், ஊசி, பெல்ட் எல்லாம் எந்த ஊர் தையல் சாமான் கடையிலும் இன்றைக்கும் கிடைக்கும். பழசு என்பதற்காக இதைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

நான் போவதற்கு முன் நடந்தவை

எதையும் தொடுவதற்கு முன், இதுவரை யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். கோளாறைவிடக் கோளாறு தீர்க்கப் போனவர்கள் செய்த வேலைதான் பல நேரம் அதிகம் இருக்கும்.

முதலில் மாமியார் எண்ணெய் விட்டிருக்கிறார். "தேங்காண்ணெதானுங்க தம்பி, செக்குல ஆட்டுனது, நல்ல எண்ணெ" என்றார். அடுத்து, பக்கத்து வீட்டில் ஒருவர், கீழேதானே நூல் கொத்து வருகிறது, அப்படியானால் கீழ் நூல்தான் தளர்ந்திருக்கிறது என்று பாபின் கேஸில் இருக்கும் குட்டித் திருகை முடிந்த மட்டும் இறுக்கியிருக்கிறார். அதற்கும் சரியாகவில்லை. "ஊசி போயிருக்கும்" என்று யாரோ சொல்ல, அந்தப் பெண் வகுப்பிலிருந்து ஒரு புது ஊசி வாங்கி வந்து மாட்டியிருக்கிறார். அதில் ஒரு தையல்கூட விழவில்லை. பழைய ஊசியையே திருப்பி மாட்டிவிட்டார். கடைசியாக ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, ஷட்டில் போய்விட்டது, முழு செட் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தொகை கேட்டுத்தான் வீட்டில் யோசனை வந்திருக்கிறது.

ஷட்டிலை வெளியே எடுத்துப் பார்த்தேன். கூர்முனை வழவழப்பாக, சிராய்ப்பு எதுவும் இல்லாமல் இருந்தது. நகத்தால் தடவினால் பிசிறு தட்டவில்லை. அதை மாற்றத் தேவையே இல்லை.

கொத்து ஏன் கீழே வருகிறது

இந்த இடத்தில் தையல் எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். இது தெரிந்துவிட்டால் மெஷின் கோளாறில் பாதிக்கு மேல் வீட்டிலேயே தீர்த்துவிடலாம்.

ஊசி மேல் நூலைத் துணிக்குக் கீழே கொண்டுபோகிறது. அடிமட்டம் வரை போய், இரண்டு மில்லிமீட்டர் போல மேலே எழும்பும்போது, ஊசியின் ஒரு பக்கம் நூல் சின்ன வளையமாகப் புடைக்கும். சரியாக அந்த நேரத்தில் ஷட்டிலின் கூர்முனை வந்து வளையத்தைக் கொத்தி எடுத்து, பாபின் கேஸை அப்படியே சுற்றி மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. இப்படித்தான் கீழ் நூல் மேல் நூலின் வளையத்துக்குள் மாட்டுகிறது. பாபின் கேஸ் முழுவதையும் சுற்றி வர ஒவ்வொரு தையலுக்கும் சில அங்குல நூல் கீழே போக வேண்டும். ஆனால் தையலில் உண்மையில் செலவாவது சில மில்லிமீட்டர்தான். மிச்சம் உள்ள நூலை மேலே திருப்பி இழுப்பது முகப்பில் மேலும் கீழும் ஆடுகிறதே, அந்த நூல் இழுக்கும் லிவரின் வேலை.

லிவர் மேலே எழும்பும்போது நூலை இரண்டு திசையிலிருந்தும் இழுக்கும். கீழேயிருந்து வளையத்தையும் இழுக்கலாம், நூல் கண்டிலிருந்து புது நூலையும் இழுக்கலாம். எது சுலபமோ அதுதான் வரும். மேல் நூலை நடுவில் வைத்து அழுத்தும் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தால் கண்டிலிருந்து வராது, வளையம் மேலே வந்து தையல் இறுகும். தட்டுகள் பிடிக்கவில்லை என்றால் கண்டிலிருந்து நூல் தாராளமாக உருவிக்கொண்டு வரும், வளையம் கீழேயே கிடக்கும். அடுத்த தையலின் வளையம் அதன் மேல், அதற்கடுத்தது அதன் மேல் என்று சேர்ந்ததுதான் அந்தக் கொத்து.

அந்தக் கொத்தை வெட்டி எடுத்துப் பார்த்தால் அதில் இருப்பது முழுக்க மேல் நூல். இதை அந்தப் பெண்ணுக்குக் காட்ட வெள்ளைக் காடாத் துணியில் மேலே சிவப்பு நூல், கீழே பச்சை நூல் போட்டு மிதித்தோம். துணியைத் திருப்பினால் அடியில் சிவப்புப் புதர். பச்சை நூல் நடுவில் ஒரு கோடாக நேராகக் கிடந்தது. "மேல் நூலு இல்லைங்களா இது!" என்றார். அப்புறம் பாபின் கேஸ் பக்கம் யாரும் கை வைக்கவில்லை.

மேலே என்ன கோளாறு

இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, நூல் கோத்த விதம். வகுப்பில் இருப்பவை கார்மென்ட் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷின்கள். அவற்றில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை முழங்காலால் தூக்குவார்கள். வீட்டு மெஷினில் பின்னால் இருக்கும் சின்ன லிவரைக் கையால் தூக்க வேண்டும். அந்தப் பெண் பாதத்தை இறக்கி வைத்தபடியே நூல் கோத்துக்கொண்டிருந்தார். பாதம் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று அழுந்தி மூடியிருக்கும், நூல் நடுவில் இறங்காமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். பாதத்தைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னக் கம்பி தட்டுகளைத் தளர்த்திவிடும், நூல் தானாக உள்ளே போய் உட்காரும். ஆகவே கோக்கும்போது பாதம் மேலே, கோத்து முடித்துச் சோதிக்கும்போது பாதம் கீழே. பாதத்தை இறக்கிவிட்டு நூலைக் கையால் இழுத்தால் நல்ல பிடிப்பு தெரிய வேண்டும். தூக்கிவிட்டு இழுத்தால் லேசாக வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நூல் தட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, தட்டுகளுக்கு நடுவில் பழைய நூல் துணுக்கு ஒன்று அழுக்கோடு ஒட்டிப் போயிருந்தது. அது ஆப்பு வைத்த மாதிரி தட்டுகளைப் பிரித்தே வைத்திருந்தது. பாதத்தைத் தூக்கிவிட்டு, கெட்டியான காடாத் துணியின் கரையை மடித்து தட்டுகளுக்கு நடுவில் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தேன். கறுப்பாக ஒரு அங்குல நீளத் துணுக்கு வெளியே வந்து விழுந்தது. கத்தி முனையோ ஊக்கோ விட்டுத் தோண்டக் கூடாது. தட்டில் கீறல் விழுந்தால் பிறகு நூல் அங்கே சிக்கிச் சிக்கி அறும்.

சரி, இதைச் செய்ததும் தையல் சரியாகிவிட்டதா என்றால், முக்கால்வாசிதான் ஆனது. கொத்து நின்றுவிட்டது. ஆனால் அடிப்பக்கம் ஒவ்வொரு தையல் சந்திப்பிலும் சிவப்புப் புள்ளி தெரிந்தது, பச்சை நூல் மட்டும் விறைப்பாக நேர்கோட்டில் நின்றது. இது பக்கத்து வீட்டுக்காரர் இறுக்கிவிட்டுப் போன பாபின் கேஸ் திருகின் வேலை. கீழ் நூல் அளவுக்கு மீறி இறுகினால் மேல் நூலைக் கீழே இழுத்துக்கொள்ளும். அந்தத் திருகைக் கால் சுற்று, அப்புறம் இன்னொரு கால் சுற்று தளர்த்தினோம். அளவு பார்க்க ஒரு வழி உண்டு. பாபினைக் கேஸில் போட்டு, நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். சும்மா இருக்கும்போது கேஸ் நிற்க வேண்டும், கையை ஒரு வெட்டு வெட்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். விர்ரென்று தரைக்கு இறங்கினால் தளர்வு, ஆட்டினாலும் அசையவில்லை என்றால் இறுக்கம். மெத்தை மேலோ மடி மேலோ வைத்துச் செய்யுங்கள், கேஸ் தரையில் விழுந்து நசுங்கினால் அது அதோடு முடிந்தது.

கீழே ஒருமுறை அளவு வைத்துவிட்டால் பிறகு அதைத் தொட வேண்டியதில்லை. துணிக்குத் துணி மாற்ற வேண்டியது மேலே இருக்கும் டென்ஷன் திருகை மட்டும்தான்.

ஊசிக் கதை

வகுப்பிலிருந்து கொண்டுவந்த ஊசியில் ஏன் ஒரு தையலும் விழவில்லை என்பது தனியாகச் சொல்ல வேண்டியது. பவர் மெஷின் ஊசியின் மேல் தண்டு முழு உருண்டை. வீட்டு மெஷின் ஊசியின் தண்டு கொஞ்சம் தடிமன், ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். பவர் மெஷின் ஊசி நீளத்திலும் குட்டை. அதை வீட்டு மெஷினில் மாட்டினால் திருகு எப்படியோ பிடித்துக்கொள்ளும், ஆனால் ஊசிக் காது ஷட்டில் முனை வரும் உயரத்துக்குப் போகாது. வளையத்தைக் கொத்த வந்த முனைக்கு அங்கே எதுவும் இருக்காது. கடையில் கேட்கும்போது வெறுமனே "பதினாலாம் நம்பர் ஊசி" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள். "வீட்டு மெஷினுக்கு, தட்டை வைத்தது" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாட்டுவதில் இரண்டே கவனம். இந்த வகை மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் வலப்புறம், அதாவது கைச்சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். நீளமான பள்ளம் ஓடும் பக்கம் இடப்புறம். நூலும் இடமிருந்து வலமாகத்தான் கோக்க வேண்டும். அடுத்து, ஊசியை மேலே முட்டும் வரை தள்ளிவிட்டுத்தான் திருகை இறுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றாலும் தையல் விட்டுவிட்டு விழும். "டைமிங் போச்சு", அதாவது ஊசியும் ஷட்டிலும் சேரும் நேரம் தப்பிவிட்டது என்று சொல்லப்படும் மெஷின்களில் எத்தனையோ, ஊசியைக் கழற்றி ஒழுங்காக மாட்டியதும் ஓடியிருக்கின்றன. (முன்பக்கத்திலிருந்து பாபின் போடும் புது மாடல்களில் தட்டைப் பக்கம் பின்னால் பார்த்து இருக்கும், நூல் முன்னிருந்து பின்னாகக் கோக்கப்படும். தட்டை எப்போதும் பாபின் கேஸ் வாய்க்கு எதிர்ப்பக்கம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்த இரண்டு வகைக்கும் பொருந்தும்.)

அவர் வீட்டில் இருந்த பழைய ஊசியைக் கண்ணாடி மேல் வைத்து உருட்டிப் பார்த்தோம். முனை லேசாக வளைந்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு 14-ஆம் நம்பர் புதிது மாட்டினோம். பாக்கெட்டில் 90/14 என்று இருக்கும், 90 என்றால் ஊசி 0.9 மில்லிமீட்டர் தடிமன். டூ பை டூ பிளவுஸ் துணி, லைனிங், சுடிதார் காட்டன் எல்லாவற்றுக்கும் 14 போதும். பட்டு, வாயில் போன்ற மெல்லிசுக்கு 11. ஜீன்ஸ் பேன்ட் அடி மடிக்க 16 அல்லது 18. பனியன் துணிக்கு முனை உருண்டையான ஊசி தனியாக உண்டு, சாதாரண ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும்.

தேங்காய் எண்ணெய்

கைச்சக்கரத்தைச் சுற்றினால் ரொம்பக் கனமாகத்தான் அசைந்தது. மாமியார் விட்ட எண்ணெய்க்கு முன்பும் பல வருடமாக அதே எண்ணெய்தான் விட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. எண்ணெய்த் துளைகளைச் சுற்றி மஞ்சள் பிசின் கட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைவது மெஷினுக்குள்ளும் உறையும். அதைவிட மோசம், காற்றுப் பட்டுப் பட்டு நாளாவட்டத்தில் பசையாகிவிடுவது. எந்தச் சமையல் எண்ணெயும் இதற்கு ஆகாது. தையல் மெஷின் எண்ணெய் என்று தண்ணீர் மாதிரி வெளுப்பாக, மணமில்லாமல் விற்பதைத்தான் விட வேண்டும். விலையும் பெரிதில்லை.

கட்டிய பிசினை எடுக்க மண்ணெண்ணெய்தான். ஊசியும் நூலும் பாபினும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கைச்சக்கரத்தை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கறுப்புக் கஷாயமாக வெளியே வழியும். துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி துடைத்து, தெளிவாக வரும் வரை செய்ய வேண்டும். சன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. பிறகு மண்ணெண்ணெய் வாடை போகும்படி ஓர் இரவு விட்டு, காலையில் நல்ல எண்ணெய். மண்ணெண்ணெய் விட்டதோடு நிறுத்தினால் இரும்போடு இரும்பு தேயும், ஆகவே எண்ணெய் விடுவதை மறக்கவே கூடாது. ஒரு துளைக்கு ஒரு சொட்டு. மெஷின் தலையைப் பின்னால் சாய்த்து அடியில் உரசும் இடங்களிலும் ஒவ்வொரு சொட்டு, ஷட்டில் ஓடும் தடத்தில் ஒரே ஒரு சொட்டு. அதற்கப்புறம் பழைய துணியில் கொஞ்ச நேரம் தைத்துவிட்டுத்தான் நல்ல துணியைக் கொண்டுவர வேண்டும். பவர் மெஷினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியே உண்டு, தானாக விட்டுக்கொள்ளும். வகுப்பில் யாரும் எண்ணெய் விட்டுப் பார்த்திராததால் இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

ஊசித் தட்டின் இரண்டு திருகையும் கழற்றினால் துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவில் நூல் தூசி கம்பளி மாதிரி அழுந்திக் கிடந்தது. பல் விளக்கும் பழைய பிரஷ் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும், தூசியும் உள்ளேதான் போகும்.

மிதியும் சக்கரமும்

பெல்ட் தோல் காய்ந்து விறைத்து, மிதித்தால் பெரிய சக்கரம் சுற்றியது, மேல் சக்கரம் நின்று நின்று சுற்றியது. புதுத் தோல் பெல்ட் போட்டு, கம்பி ஊக்கால் இணைத்தோம். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்கும் அளவு சரி. வழுக்கக் கூடாது என்று வீணைத் தந்தி போல இறுக்கினால் மிதிக்கக் கால் வலிக்கும்.

ஒரு சின்ன விஷயம் இங்கே நேரம் எடுத்தது. பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஆடக் கூடாது. அதற்குக் கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய திருகைத் தளர்த்துவோம். இவர்கள் மெஷினில் அதைத் தளர்த்தினாலும் ஊசி ஆடிக்கொண்டே இருந்தது. திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மூன்று காது வைத்த வாஷர் ஒன்று இருக்கும், அதை யாரோ ஒருமுறை கழற்றி அரைச் சுற்று மாற்றி மாட்டிவிட்டிருந்தார்கள். திருப்பி வைத்ததும் சரியானது. இந்த வாஷர் மாறினால் சில நேரம் இதற்கு நேர்மாறாக, திருகை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் மட்டும் சுற்றி ஊசி நகராது. அதையும் பெரிய ரிப்பேர் என்று நினைத்துப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாபின் சுற்றும் குட்டிச் சக்கரத்தின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, மாற்றினோம். பாபினில் நூலை விளிம்பு வரை திணிக்காமல் கொஞ்சம் இடம் விட்டுச் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் பள்ளமாகச் சுற்றிய பாபினால் தையல் ஒரே சீராக வரவே வராது. கேஸில் போடும்போது நூல் வெட்டுக்குள் நுழைந்து, வந்த திசைக்கு எதிராகத் திரும்பி வளைந்து, தகட்டுக்கு அடியில் போக வேண்டும். கேஸின் விரல் மேல்நோக்கி இருக்க உள்ளே தள்ளினால் 'டக்' என்று சத்தம் வரும். சத்தம் வரவில்லை என்றால் சரியாக உட்காரவில்லை, அப்படியே மிதித்தால் ஊசி கேஸில் இடித்து முறியும்.

ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் தரையில் படாமல் ஆடியது. உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றை வைத்ததும் அடங்கியது. வெளிச்சம் ஊசிக்கு இடப்பக்கத்திலிருந்து விழும்படி சன்னலோரமாக நகர்த்தினோம். சேலைத் தலைப்போ துப்பட்டாவோ பெரிய சக்கரத்தில் சிக்காமல் இருக்க, சக்கரத்தை மறைக்கும் இரும்புத் தடுப்பு சில ஸ்டாண்டில் இருக்கும். இதில் உடைந்து போயிருந்தது. அது கிடைக்கும் வரை துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னேன். சின்னப் பிள்ளை இருக்கும் வீடு என்பதால், எழுந்து போகும்போது பெல்ட்டைக் கீழ்ச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடுவதும் பழக்கமாக வேண்டும்.

கால் பழகியது

பவர் மெஷினில் பழகியவருக்கு மிதி மெஷின் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். அங்கே அழுத்தினால் ஓடும். இங்கே காலின் தாளம் தப்பினால் சக்கரம் பின்னால் சுற்றும், பின்னால் சுற்றினால் நூல் அறும். அதனால் முதலில் நடுத் திருகைத் தளர்த்திவிட்டு, ஊசி ஆடாமல் வெறும் சக்கரத்தை மட்டும் மிதிக்கச் சொன்னேன். கைச்சக்கரம் எப்போதும் நம்மை நோக்கியே சுற்ற வேண்டும். ஒரு கால் கொஞ்சம் முன்னே, ஒரு கால் கொஞ்சம் பின்னே வைத்து, முன்கால் விரலாலும் பின்கால் குதிகாலாலும் மாறி மாறி அழுத்த வேண்டும். செருப்புப் போடாத காலுக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும். கையால் ஒரு சுற்று தொடங்கி வைத்து, கால் அதைத் தொடர்ந்து கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது காகிதம். கோடு போட்ட நோட்டுத் தாளை நூல் இல்லாத ஊசியில் ஓட்டினால் கோட்டின் மேல் துளைத் துளையாக விழும். கோட்டை விட்டு எங்கே விலகியது என்று தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். நேர்கோடு, அப்புறம் சதுரம், அப்புறம் நத்தைச் சுழி. சதுரத்தின் மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி வைத்துவிட்டு, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்ப வேண்டும். இதுவேதான் பிறகு காலருக்கும் பட்டிக்கும் உதவும். காகிதத்துக்குப் பயன்படுத்திய ஊசி மழுங்கிவிடும், அதைத் துணிக்கு மாற்றக் கூடாது. வளைந்த பழைய ஊசியைத் தூக்கிப் போட்டோமே, அதையே நிமிர்த்தி இதற்கு வைத்துக்கொள்ளலாமா என்று மாமியார் கேட்டார். நிமிர்த்திய ஊசி முறிந்து கண்ணில் தெறிக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

துணியில் தொடங்கும்போது மூன்று பழக்கம். நூல் இழுக்கும் லிவர் உச்சியில் இருக்கும்போதுதான் தொடங்குவதும் நிறுத்துவதும். கீழ் நூலை மேலே எடுத்து, இரண்டு நூல் முனையையும் பாதத்துக்கு அடியில் பின்பக்கமாக விட்டு, முதல் ஓரிரண்டு தையலுக்கு அதைப் பிடித்துக்கொள்வது. துணியைப் பின்னாலிருந்து இழுக்காமல் இருப்பது. மூன்றாவதுதான் கஷ்டம். துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பற்களின் வேலை, கை வழி காட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் இடிக்கும். வளைந்த ஊசி எப்படி வந்தது என்று அந்தப் பெண்ணுக்கு அப்போது புரிந்தது.

தையல் நீளத்துக்கு வலப்பக்க லிவர். இரண்டரை மில்லிமீட்டரில் வைத்தால் ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழும், பிளவுஸுக்கு அது நல்ல அளவு. பிரித்துப் பார்க்க வேண்டிய தற்காலிகத் தையலுக்கு நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் வேலையாகச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க ஆசைப்பட்டார். காட்டன் ஃபால்ஸ் என்றால் தண்ணீரில் ஊற வைத்துக் காய வைத்து இஸ்திரி போட்டபிறகுதான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் ஃபால்ஸ் சுருங்கிச் சேலைக் கரை சுருட்டிக்கொள்ளும் என்றேன். அவர் ஊற வைத்ததற்குள் மாமியார் தலையணை உறை ஒன்றை வெட்டி எடுத்து வந்து தானே உட்கார்ந்துவிட்டார். பல வருடம் கழித்தும் கால் மறக்கவில்லை. தாளம் தப்பாமல் நாலு பக்கமும் அடித்து முடித்தார். மருமகள் அந்தக் காலைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, நான் வாயால் சொன்னதைவிட அதிகம்.

செலவும் மோட்டாரும்

மாற்றிய சாமான்கள்: ஒரு பெல்ட், ஒரு ரப்பர் வளையம், ஒரு பாக்கெட் ஊசி, ஒரு குப்பி எண்ணெய். ஷட்டில் செட்டுக்கு முன்பு சொல்லப்பட்ட தொகையில் இதெல்லாம் சிறு பங்குகூட வரவில்லை. பழைய நூல் கண்டுகளை மட்டும் தைக்க வேண்டாம் என்று எடுத்து வைக்கச் சொன்னேன். தையலில் இறுகும் முன் நூலின் ஒரே இடம் ஊசிக் காது வழியாகப் பல முறை போய்வருகிறது. பல வருடம் கிடந்து நைந்த நூல் அந்த உரசலுக்குத் தாங்காமல் பிசிறு கட்டி அறுந்துகொண்டே இருக்கும், பழி மெஷின் மேல் விழும். கையால் பட்டன் வைக்க அது போதும்.

இப்போது அந்த மெஷினில் பிளவுஸ் தைக்கிறார்கள். டூ பை டூவில் தையல் இரு பக்கமும் ஒன்று போலவே இருக்கிறது. பட்டு பிளவுஸில் மட்டும் தோள் தையல் கொஞ்சம் சுருங்குகிறது என்றார். 11-ஆம் நம்பர் ஊசி போட்டு, மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மேல் திருகையும் ஒரு சுற்று தளர்த்தச் சொல்லியிருக்கிறேன். அதோடு ஒரு வெட்டுத் துண்டில் தைத்துப் பார்த்துவிட்டே பட்டைத் தொட வேண்டும்.

மோட்டார் மாட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். மாட்டலாம், மெஷின் தாங்கும். ஆனால் கழுத்து வளைவும் கைக்குழி வளைவும் கைக்கு வசமாகும் வரை மிதியே மேல் என்பது என் கருத்து. மிதியில் ஒரே ஒரு தையல் மட்டும் போட்டு நிறுத்த முடியும், மலிவு மோட்டாரில் அந்தக் கட்டுப்பாடு கிடைக்காது. வாங்குவதாக இருந்தால் மூன்று முனை பிளக், எர்த் உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன், மெஷின் உடம்பு முழுக்க இரும்பு. பெல்ட்டையும் அளவாகத்தான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் கைச்சக்கரத்தின் அச்சு உட்காரும் புஷ் ஒரு பக்கமாகத் தேயும். தீபாவளிக்கு அக்கம்பக்கத்து பிளவுஸ்கள் எத்தனை வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.